பெரியம்மா பாரம் தூக்கப் பழகியது

போரால் எங்கள் வீட்டுக்கு இடம்பெயர்ந்து வந்த சொந்தக்காரர்களில் மாமா மட்டும்தான் ஓர் இரும்புத் தண்டோடு வந்தார். மற்றவர்கள் தையல் மெசின், பித்தளைக் குடம், காணி உறுதிப் பத்திரம் என்று கொண்டுவந்தபோது, அம்மாவின் தம்பியான அவர், ஆள் உயரத்தைவிட நீளமான அந்தத் தண்டைச் சைக்கிளில் கட்டி, கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, முள்ளியவளை வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். இது என்ன சாமான் என்று படகுக்காரர் கேட்டாராம். "என்ரை தொழில்" என்றாராம் மாமா. யாழ்ப்பாணத்தில் அவர் பாரம் தூக்கப் பழக்கும் நிலையம் ஒன்று நடத்தியவர். தண்டில் மாட்டும் இரும்புச் சக்கரங்களை யாரும் களவெடுத்துவிடக் கூடாதென்று வீட்டுக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அந்த இடத்திலை ஒரு மூட்டை அரிசியைக் கட்டியிருந்தாலும் பிரயோசனம்" என்றார் அம்மா.

மாமாவோடு பெரியம்மாவும் வந்திருந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், தலை நன்றாக நரைத்தவர், எல்லோரையும் அதட்டுகிறவர். அவருக்கு ஒரேயொரு கரைச்சல் இருந்தது. நிலத்தில் குந்தியிருந்தாரென்றால் தானாக எழும்ப முடியாது. இரண்டு பக்கமும் ஆள் நின்று கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கவேண்டும். தூக்குவது அவருக்குப் பிடிக்காது. அதனால் வீட்டில் கதிரையை விட்டு இறங்கமாட்டார். கோயிலில் எல்லோரும் இருந்து தேவாரம் பாடும்போது, தூணோடு சாய்ந்து நின்றே பாடுவார். அப்படி நிற்பதுதான் கூடிய பக்தி என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் வேறு யாருமில்லை. பெரியம்மா கிணற்றடி ஈரத்தில் கால்நீட்டி இருந்தார். சேலையெல்லாம் சேறு. பக்கத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது.

"என்ன பெரியம்மா செய்யிறியள்?"

"கோழியளைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நானும் பக்கத்தில் இருந்து கோழிகளைப் பார்த்தேன். மாமா வந்துதான் அவரைத் தூக்கினார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று மாமா கேட்டபோது, பெரியம்மா முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாளே மாமா உழவு மெசின் திருத்தும் இடத்துக்குப் போய், தேய்ந்துபோன கலப்பைத் தட்டுகளைக் கேட்டு வாங்கிவந்தார். அவை பெரிய பாரங்கள். சின்னப் பாரத்துக்கு, நிவாரணத்தில் மீன் அடைத்து வந்த தகர ரின்களுக்குள் களிமண்ணை இடித்து நிரப்பிக் காயவைத்தார். சைக்கிள் ரியூப்பைக் கிழித்து அவற்றைத் தண்டின் இரண்டு நுனியிலும் கட்டினார். முற்றத்துப் பாலைமரத்தின் கீழ் நிலையம் திறந்தாயிற்று.

"அக்கா, வாங்கோ" என்றார்.

"உனக்கென்ன விசரோ தம்பி? இந்த வயசிலை நான் இரும்பு தூக்கிறதோ?"

"இரும்பு வேண்டாம். கதிரையிலை இருந்து எழும்புங்கோ. கையை ஊண்டாமல்."

கதிரையில் இரண்டு தலகணிகளை அடுக்கி, அதன்மேல் அவரை இருத்தினார். அந்த உயரத்தில் இருந்து எழும்புவது பெரியம்மாவுக்குச் சுகமாக இருந்தது. "இதென்ன பெரிய வித்தையோ?" என்று கேட்டுக் கேட்டு எழும்பினார். சில நாள் போனதும் மாமா ஒரு தலகணியை எடுத்துவிட்டார். பிறகு மற்றதையும் எடுத்தார். பிறகு கதிரையே போய், நிலத்தோடு ஒட்டிய குசினிப் பலகை வந்தது. அதற்குள் பெரியம்மாவின் கையில் வெறுந்தண்டு இருந்தது.

மாமாவின் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். இருந்து எழும்பு, நிலத்தில் இருப்பதைத் தூக்கு, தூக்கியதைத் தலைக்கு மேலே உயர்த்து. பெரியம்மாவும் அதைத்தான் செய்தார், நானும் அதைத்தான் செய்தேன். பாரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. முதுகு வளைந்தால் பாரத்தைக் குறைப்பார். வளையாவிட்டால் அடுத்த கிழமை ஒரு மீன் ரின் கூடும். இன்னொருக்கால் தூக்கலாம் என்று தோன்றும்போதே நிற்பாட்டச் சொல்லுவார். "நாளைக்கும் தூக்கவேணுமெல்லே" என்பார்.

எனக்கு அவர் தந்தது வீடு கூட்டும் தும்புத்தடி. பத்து வயதில் ஒருத்திக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. வகுப்பில் பெடியன்களோடு கைமடக்கி வெல்லுகிறவள் நான். அரைக் கண்ணால் கலப்பைத் தட்டுகளைப் பார்த்தபடி தும்புத்தடியைத் தூக்கினேன். என் முதுகு வளையாமல் நின்ற பிறகுதான் அதன் நுனிகளில் ரின்களைக் கட்டினார்.

அம்மா இவற்றையெல்லாம் குசினி யன்னலால் பார்த்துச் சிரிப்பார். "கூப்பன் அரிசியைத் திண்டுபோட்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு நிக்கினம்" என்று அயலுக்குள் கதை சொல்லுவதும் அவர்தான்.

அந்த வருடம் ஒழுங்கை முடிவிலுள்ள அம்மன் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கும் பொறுப்பு பெண்களிடம் வந்தது. ஆம்பிளைகள் குறைவு. இருந்தவர்களும் சாமி தூக்கவேண்டும். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனமெல்லாம் சாப்பிட வருவார்கள் என்று பெரிய கிடாரத்தில் சோறு வைத்தார்கள். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. சாமி வெளிவீதியில் மேளத்தோடு போய்க்கொண்டிருந்தது. மாமா முன்கொம்பில் தோள்கொடுத்திருந்தார்.

சோறு வெந்து வரும் நேரம் அடுப்புக் கல் ஒன்று ஊறிய நிலத்துக்குள் இறங்கத் தொடங்கியது. கிடாரம் மெல்லச் சாய்ந்தது. கஞ்சி ஒரு பக்கத்தால் வழிந்து நெருப்பில் சீறியது. யாரோ ஆம்பிளைகளைக் கூப்பிட ஓடினார்கள். சாமியை நடுவீதியில் வைத்துவிட்டு எப்படி வருவது? கிடாரம் கவிழ்ந்தால் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பட்டினி. திரும்ப உலை வைக்க அரிசி இல்லை.

"தடியளைக் கொண்டுவாங்கோ" என்றார் பெரியம்மா.

கிடாரத்தின் காதுகளுக்குள் இரண்டு கமுகந்தடிகளைச் செருகினார்கள். பெண்கள் தடிகளைப் பிடித்துக் குனிந்தார்கள்.

"உப்பிடிக் குனிஞ்சால் நாரி போயிடும். குந்தி இருங்கோ. நெஞ்சை நிமித்துங்கோ. மூச்சைப் பிடியுங்கோ. குதிக்காலாலை நிலத்தை மிதியுங்கோ. நான் சொன்னவுடனை எழும்பவேணும், இழுக்கக் கூடாது."

அது அப்படியே மாமாவின் குரல். பெரியம்மா ஒரு நுனியில் இருந்தார். எதிர்நுனியில் அம்மா. சேலையை வரிந்து கட்டி, முதுகு நேராக, பார்வை முன்னால், ஒரு பிழையில்லாமல் இருந்தார். யன்னலால் சிரித்துக்கொண்டு நின்ற மனிசி அதை எங்கே பழகினார் என்று அந்த அவசரத்திலும் நான் வியந்தேன். நானும் நடுவில் புகுந்து தடியைப் பிடித்தேன்.

"இப்ப" என்றார் பெரியம்மா.

கிடாரம் எழும்பியது. ஆவி முகத்தில் அடித்தது. ஒருவரும் கத்தவில்லை. பக்கவாட்டில் அடியெடுத்து நகர்ந்து, மணலில் மெதுவாக இறக்கினோம். அந்தப் பாரத்தில் பாதி என்னுடைய கையில்தான் இருந்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

சாமி இருப்புக்கு வந்ததும் மாமா ஓடிவந்தார். தோளில் தடி அழுத்திய தடம் சிவந்திருந்தது. கிடாரத்தைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார்.

"முதுகு வளைஞ்சதோ அக்கா?"

"என்ரை வளையேல்லை. உன்ரை சின்னக்காவின்ரையும் வளையேல்லை."

அம்மா அவசரமாக அகப்பையைத் தேடிக்கொண்டு அப்பால் போனார்.

பந்தி வைத்தபோது பெரியம்மாவுக்குக் கதிரை கொண்டுவந்தார்கள். அவர் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துச் சனத்தோடு சனமாக நிலத்தில் இருந்தார். ஆறுதலாகச் சாப்பிட்டார். இரண்டாந்தரம் பருப்பு கேட்டு வாங்கினார். பிறகு இலையை மடித்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை ஊன்றி, யாரும் கைகொடுக்காமல் எழும்பி, கைகழுவப் போனார். மாமா மோர்வாளியோடு பந்தி நடுவில் அப்படியே நின்றுவிட்டார். மோர் கேட்டவர்களுக்கு வார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் முற்றத்தில் காலையில் சனம். நெருப்புத்தணல் கேட்டு வந்தவர்கள், கறிவேப்பிலைக்கு வந்தவர்கள், எல்லோரும் போகும்போது ஒருக்கால் தண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற தபாலதிபர் வந்தார். இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய் வந்தார். அம்மா இப்போது யன்னலை விட்டு வெளியே வந்திருந்தார். நான்கு மீன் ரின்கள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில், மாமா தண்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏன் மாமா, கிழடுகளும் அம்மாக்களும்தான் வருகினம். பெரிய அண்ணாமார் ஒருத்தரும் உங்களிட்டைப் பழக வருகினமில்லை?"

"அவையளுக்கு வேறை இடத்திலை, காட்டுக்குள்ளை பயிற்சி" என்றார் மாமா.

"அங்கை இதைவிட நல்ல இரும்போ?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஓம். புது இரும்பு."

"அப்ப நானும் வளந்தாப்பிறகு அங்கைதான் போவன்."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா ஈரக்கையோடு வெளியே வந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில், காரணமில்லாமல் என்னைப் பிடித்து முன்னால் இருத்தி, பின்னியிருந்த தலையை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினார். நோகுது என்று சொல்லியும் கையைத் தளர்த்தவில்லை. மாமா துடைத்து முடித்த தண்டை மறுபடி முதலிலிருந்து துடைத்தார். அங்கே போய்ச் சேர எனக்கு இன்னும் பலம் போதாது என்று நினைக்கிறார்கள் போலும் என்று, அன்று முழுவதும் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன்.