கூடை நிற்கிற இடம்

அந்தக் குடைக்கார முதலாளி இருந்தாரே மதினி, ஏலப்பாறையில் துணிக்கடை வைத்திருந்தவர், அவருக்குத் தன் வயிறு எங்கே முடிகிறது என்று கடைசிவரை தெரியாது. கடைக்குள் திரும்பினால் துணிக்கட்டு சரியும். கக்கத்தில் இடுக்கிய குடையோ பின்னால் வருகிறவர் கண்ணைத் தேடும். அவர்தான் எங்களைப் பார்த்து, "எஸ்டேட்காரிகளுக்கு வரிசையில நிக்கத் தெரியாது" என்று சொன்னவர்.

எங்களுக்கா தெரியாது? தினமும் தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறவர்கள் நாங்கள். தலையில் கயிறு, முதுகில் கூடை. முன்னால் நிற்கிறவளின் கூடைக்கு இடம் விட்டுத்தான் நிற்போம். இடித்தால் கொழுந்து கொட்டும், கங்காணி வாயைத் திறப்பான். அவன் வாய்க்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது, அது கிடக்கட்டும். நின்று நின்று கூடையும் உடம்பாகவே ஆகிவிட்டது. வீட்டில் கழற்றி வைத்த பிறகும் வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவேன். "கூடை இல்லட்டி, நேரா வா" என்பார் என் வீட்டுக்காரர். தலைக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து, உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள் மதினி. கண்ணருகே கொசு வந்தால், அது தொடுமுன்னே இமையை மூடுகிறாளே, அவளேதான். கூடையைக் கழற்றியதை மட்டும் அவளிடம் யாரும் சொல்வதில்லை.

அது மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷம். என் தங்கச்சிக்கு நிறைமாசம். "விளக்கில்லாத வீட்டுக்கு வரமாட்டேன். இருட்டுல நான் எதைன்னு பிடிக்க?" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ரேஷன் கடைக்கு லாரி வந்த அன்று, கூடையை வீட்டில் போட்டுவிட்டு ஓடினோம். எப்போதும்போலவே நின்றோம், ஆளுக்கு ஒரு கூடை இடம் விட்டு. வரிசை வளைந்து கோயில்வரை போனது. கடைவீதிக்காரர்கள் கண்ணில் எங்களுக்கு நடுவில் சும்மா கிடந்த இடம்தான் பட்டது. ஒவ்வொருவராக நுழைந்தார்கள். முதலாளி எனக்கு முன்னால் வந்து தகரத்தை வைத்தார்.

"இங்க நாங்க நிக்கோம் ஐயா."

"எங்க? காத்தா நிக்குது?"

என் முறை வந்தபோது ரேஷன் கடைக்காரர், மலையாளத்துக்காரர், பீப்பாயைச் சாய்த்துக் காட்டினார். "தீர்ந்து சேச்சி. இனி அடுத்த ஆழ்ச்ச வா."

அடுத்த வாரம்வரை தங்கச்சி தாங்க வேண்டுமே. அவளோ வயிற்றைத் தடவிச் சிரித்தாள். "பகல்லயே வந்துரணும்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா."

அடுத்த வாரம் நாங்கள் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே லாரி வந்துவிட்டது. வீட்டுக்குப் போக நேரமில்லை. காலிக்கூடையை முதுகில் போட்டபடியே ஓடி நின்றோம். விட்ட இடத்தில் எல்லாம் கூடை வந்து உட்கார்ந்துகொண்டது. கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாது.

முதலாளி வந்து பார்த்தார். "கூடையக் கழத்துங்க. இது கடை, தேயிலைக்காடு இல்ல."

"போன வாரம் கழத்திப் பார்த்தாச்சு ஐயா" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள்.

அப்படியும் எனக்குப் பின்னால் ஒருக்களித்து நுழையப் பார்த்தார். வயிறு நுழையவில்லை. குடை மட்டும் நுழைந்து, அதன் வளைந்த பிடி என் கூடை விளிம்பில் மாட்டிக்கொண்டது. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். "ஏய், குடை, குடை" என்று அவர் பின்னால் கூப்பிட்டதை நான் கேட்டேன்தான். கொழுந்து சுமக்கிற முதுகுக்குக் குடையெல்லாம் ஒரு கனமா?

கடைக்காரர் என் முதுகை எட்டிப் பார்த்தார். "குடை வந்து. ஆள் எவிடே?"

என் தகரம் நிறைந்தது. குடையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கச்சிக்கு வலி கண்டது. சொல்லி வைத்ததைப் பிள்ளை கேட்கவில்லை. மருத்துவச்சி வந்து, "திரியை ஏத்து, இன்னும் ஏத்து" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். நானும் ஏற்றிக்கொண்டே இருந்தேன். பெண்பிள்ளை. வெளிச்சம் கண்ணில் பட்டதும் இமையை இறுக்கி மூடியது பாருங்க, அதற்குள்ளேயும் அந்த ஒருத்தி...

இருங்க மதினி, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வாங்க. ஒட்டி நிற்க வேண்டாம், கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.