வேலி மேல ஒரு பராதி

மனித உரிமை வேலை என்பது, ஒருவர் அழுதுகொண்டே சொல்வதை அழாமல் நான்கு பிரதிகளில் எழுதுவது. பதிவுத் தபால் ரசீதைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, 'மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற பதிலுக்குப் பழகிப்போன சகபாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்குக் கூட்டத்தில் வாய் திறக்க வராது. அதனால் எம்.ஏ. முடித்ததும் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் உதவி மையத்தில் மனு எழுதச் சேர்ந்தேன்.

யார் மேல்?

சரசக்கா சந்தைக்கு வந்த கையோடு எங்களிடம் வந்தார். அவர் வீட்டுக்குப் போகும் பொது வழியில் தென்னந்தோப்புக்காரர் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். மகள் கவிதாவுக்கு நடக்க வராது, சக்கர நாற்காலிதான். வாசல்வரை வந்துகொண்டிருந்த ஆட்டோ இப்போது மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. ப்ளஸ் டூ படிக்கிற பெண், மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

இவ்வளவையும் மடமடவென்று சொன்னவர், தோப்புக்காரர் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். அடுத்த மாதம் அந்தத் தோப்புக்காரர் வீட்டில் கல்யாணமாம், பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். புகாருக்கு எங்கள் பக்கத்தில் பராதி என்று பேர். நான் பேனாவோடு காத்திருக்க, அவரே ஒரு யோசனை சொன்னார்: "அவர் பேரெல்லாம் வேண்டாமுங்க அம்மிணி, வேலி மேல பராதின்னு எழுதிப் போடுங்க."

அறிக்கை

ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, பெயரையும் எழுதித்தான் அனுப்பினேன். மனித உரிமை ஆணையம் முறைப்படி பஞ்சாயத்திடம் அறிக்கை கேட்டது. பஞ்சாயத்து வார்டு மெம்பரிடம் கேட்டது. மெம்பர், தன் அக்கா வீட்டுக்காரரான தோப்புக்காரரிடமே கேட்டார். இப்பகுதியில் யாருக்கும் அப்படியொரு குறை இல்லை என்று பதில் வந்தது.

நான் கொதித்தேன், சத்தம் வராமல். இருபது வருடமாக மனு எழுதும் தங்கவேலண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆறுதல் சொன்னார்: "வேலிகிட்டயே கருத்துக் கேக்காம விட்டாங்களே அம்மிணி, அதுவரைக்கும் சந்தோசப்படு."

நேரில் வந்தார்கள்

மறுபடி எழுதினோம். ஆணையம் சொல்லி, ஆய்வுக்குத் தாலுகா ஆபீஸ் ஜீப் ஒன்று வந்து வேலியோரம் நின்றது. ஆபீசர் இறங்காமலே வேறு வழி உண்டா என்று கேட்டார். வரப்பில் நடக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சேற்று வரப்பைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். அதற்குள் தோப்புக்காரர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம் வரப்பை யாரும் பார்க்கவில்லை. எனக்கும் ஒன்றை நீட்டி, உருக்கமாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்காக நானுந்தானுங்க சாமிகிட்ட வேண்டிக்கிட்டு இருக்கேன்."

அமர்வு

பாலக்காட்டில் ஆணையத்தின் அமர்வு. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு, பெயர் கூப்பிட்டதும் வணக்கத்தோடு முடிந்துபோனது. ஆபீசர் தன் அறிக்கையை மலையாளத்தில் கம்பீரமாக வாசித்தார். வாகனம் செல்ல வழி இல்லாததால் வீட்டை அடைய இயலவில்லை, ஆகவே புகார் நிரூபணமாகவில்லை.

வழி அடைபட்டிருப்பதற்கு என்ன ஆதாரம் என்று ஆணைய உறுப்பினர் சரசக்காவிடம் கேட்டார். சரசக்கா என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். பிறகு அவரே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "இப்ப அவிய படிச்சதுதானுங்க சார் ஆதாரம். ஜீப்பே வர முடியலீன்னா எம்புள்ள எப்படீங்க போவா?"

மறு ஆய்வு

இரண்டு வாரத்தில் வேலியை எடுக்க உத்தரவானது. தூண்களும் போயின. இதற்கிடையில் சரசக்கா அந்தக் கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

வழி திறந்த மறுநாள், கவிதா மறுபடி பள்ளிக்கூடம் கிளம்பிய காலையில் நானும் போயிருந்தேன். ஆட்டோ வாசலில் நின்றது. எதிரே, பாதையை அடைத்துக்கொண்டு அதே ஜீப். இப்போது வழி இருப்பதால், முன்பு விட்டுப்போன ஆய்வை முடிக்க வந்திருக்கிறார்களாம். 'அடைப்பு ஏதும் காணப்படவில்லை' என்று ஆபீசர் பானெட் மேல் வைத்து நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டோவுக்குள்ளிருந்து கவிதா தலையை நீட்டினாள்: "அக்கா, அவிய மெதுவா எழுதட்டும், ஜீப்ப மட்டும் ஓரமா எடுக்கச் சொல்லுங்க, மொத பீரியடு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டு."

நியாயம் கிடைக்கும்வரை எட்டிப் பார்க்காதவர்கள், கிடைத்த மறுநாளே அதைச் சரிபார்க்கத் தவறாமல் வந்துவிடுகிறார்கள்.