சிங்கள வகுப்பில் ஓடிய பஸ்

சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தவள் நான். கூட்டத்தில் பேசவே கூசுகிறவள் கட்டுரை எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையோடுதான் அந்த வகுப்பு நினைவுக்கு வருகிறது. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே பனிமூட்டம் நுழைந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். சிங்களம் கற்பிக்கப் புதிதாக வந்திருந்த இளம் சிங்கள டீச்சர் ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, பெஞ்சுகளை இரண்டிரண்டாகப் போடச் சொல்லி, "இது பஸ்" என்றார். ஹட்டன் டவுனுக்குப் போகும் பஸ். எங்களோடு படித்த ராசு "கொண்டக்டர்". கிழித்த காலண்டர் தாள் டிக்கெட். அவரவர் டிக்கெட்டை அவரவரே சிங்களத்தில் கேட்டு ஏற வேண்டும். எல்லோரும் ஏறினால்தான் பஸ் கிளம்பும்.

நாங்களோ, காலையில் அம்மாக்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கும் "பெரட்டு" போல வரிசையில் நின்றோம். அங்கே எல்லோருக்குமாகக் கங்காணிதான் பேசுவார். அப்படியே, முன்னால் நின்ற என் பெரியப்பா மகள் செல்வி எங்கள் அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் டிக்கெட் கேட்டுவிட்டாள். டீச்சர் விழித்தார்; பிறகு சிரித்தபடி ஒவ்வொருவராக ஏறச் சொன்னார்.

கடைசியில் நான் மட்டும் கீழே நின்றேன். தாகம் எடுத்தால்கூட எனக்காகத் தண்ணீர் கேட்பவள் செல்விதான்.

"ஏய், சொல்லு புள்ள! பெல் அடிச்சிருவாங்க. இல்லாட்டி நானே கேட்டுர்றேன்," என்றாள் அவள்.

"வாய்க்குள்ள கொழுந்த அடைச்சு வச்சிருக்கா," என்றான் ராசு.

எல்லோரும் சிரிக்க, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கும் தமிழ் பேச வெக்கம். நீங்க சிங்களம், நான் தமிழ். சரியா?" என்றவர், ராசுவிடம் கை நீட்டி, "அண்ணே, ஹட்டன் ஒண்ணு குடுங்க," என்றார்.

டீச்சரே "அண்ணே" என்றதும் ராசுவின் காது சிவந்தது. வகுப்பு அதிர்ந்த அந்தச் சிரிப்பின் மறைவில் நான், "ஹட்டன் எகக் தென்ன," என்றேன். அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

"ரைட்!" என்றான் ராசு. பஸ் கிளம்பியது. வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்கள் பனிக்குள் பின்னால் போவதை உண்மையாகவே பார்த்தேன்.

இன்று அந்த ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, பெஞ்சுகள் இல்லை. டீச்சர் மாற்றலாகி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த முதல் பஸ் ஓடியதற்கு மறுநாளும் பஸ் விட்டோம். செல்வி பழக்கத்தில் எனக்கும் சேர்த்துக் கேட்டாள். நானும் கேட்டேன். அன்றைக்கு என் கையில் இரண்டு டிக்கெட்.