மூன்றைக் காட்டாத தராசு

தங்கச்சியின் போன் வந்தபோது தராசக்கா ஒரு காய்கறிக் கடைத் தராசைக் குப்புறப் போட்டு அடித்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே போனை எடுத்தாள்.

"அக்கா, பாப்பா எடை குறைஞ்சு போச்சாம். பொறந்தப்போ ரெண்டு தொள்ளாயிரம் இருந்தா. இன்னிக்கு ரெண்டு எண்ணூத்தி நாப்பதுதான் காட்டுது. அஞ்சு வாரத்துல ஏறவே இல்லக்கா, இறங்கியிருக்கா."

ஸ்க்ரூ வாயிலிருந்து மடியில் விழுந்தது. தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை அது.

"பால் பத்தலைன்னு கிளினிக்ல சொல்றாங்க. பவுடர் பால் குடுக்கணுமாம். நாளைக்குக் காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிட்டாங்க. எனக்கு என்னமோ... தராசு சரியா இருந்திருக்குமாக்கா?"

"தராசுக்கு என்னடி? போன வாரம்தான் என் கையால சரி பண்ணிக் குடுத்தேன். தராசு பொய் சொல்லாது. நீ முதல்ல நேரத்துக்குச் சாப்பிடறியா? எப்பப் பாரு போனை நோண்டிக்கிட்டு, புள்ளைய எங்க கவனிக்கற?"

தங்கச்சி போனை வைத்துவிட்டாள்.

தராசக்கா என்பது தெரு வைத்த பெயர். தராசு செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஒயருக்கு ஈயப்பற்று வைத்து, கல் வைத்து எடை சரிபார்த்தவள். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது அவள் போகவில்லை. முன்னறையில் ஒரு மேஜை போட்டு ரிப்பேர் வேலையைத் தொடங்கினாள். வாயும் கையும் ஒரே வேகம். பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "எங்க வீட்ல பேச்சு கிலோ கணக்கு, மூச்சு விடற நேரம் கிராம் கணக்கு" என்பார். ஆனால் அவள் சரி பண்ணிக் கொடுத்த தராசு திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

குழந்தைகள் கிளினிக்கின் தராசு இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளிடம் வந்தது. எடை பார்க்கும் பாகமெல்லாம் நன்றாக இருந்தது. எண் காட்டும் டிஸ்ப்ளே மட்டும் செத்துவிட்டது. அதே அளவில் புதிது கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு பிரிண்டரைப் பிரித்து, அதிலிருந்த டிஸ்ப்ளேவை எடுத்துவந்தாள். பதினாறு கால்கள், பதினாறு ஒயர்கள். சும்மா வேலை செய்துவிடுமா? முதல் நாள் மேல் வரிசை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றன. கடைசியில் இருக்க வேண்டிய, திரையை ஒளிர வைக்கும் விளக்கு ஒயர் இரண்டும் இந்த டிஸ்ப்ளேயில் முதலில் இருந்தன. அதனால் மற்றதெல்லாம் இரண்டிரண்டு இடம் தள்ளி நின்றன. அதைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிப் பற்றவைக்க இரண்டு நாளானது. மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது எண்கள் பளிச்சென்று வந்தன. வீட்டுக்காரரைச் சாப்பாட்டுத் தட்டோடு எழுப்பி வந்து காட்டினாள்.

டிஸ்ப்ளே பழையதைவிட ஒரு விரல் நீளம். பெட்டிக்குள் அமுக்கி, நெருக்கி, ஸ்க்ரூவை இறுக்கி மூடினாள். எண்ணுக்குப் பின்னால் வரும் 'கேஜி' என்ற இரண்டு எழுத்தும் பெட்டியின் விளிம்புக்குள் மறைந்துபோயின. கிலோவைக் கிலோ என்று எழுதித்தான் தெரிய வேண்டுமா என்று விட்டுவிட்டாள். மூடிய பிறகு தன்னிடமிருந்த இரண்டு கிலோ இரும்புக் கல்லை வைத்தாள். 2.000. இன்னொரு இரண்டு கிலோ கல்லையும் சேர்த்து வைத்தாள். 4.000. எடுத்தாள். 0.000. அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இதெல்லாம் நினைவில் ஓட, மனசு கேட்காமல் தங்கச்சி வீட்டுக்கு நடந்தாள். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. பேச்சுக் கொடுக்காமல் தராசக்கா கட்டிலில் கிடந்த பாப்பாவை இரண்டு கையாலும் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பதினெட்டு வருஷம் தினமும் இரண்டு கிலோ, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கல் தூக்கிய கை அது. இரண்டு எண்ணூறு என்றால் எப்படி இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். இது அதில்லை. இன்னும் ஒரு கிலோ கூட. மெல்ல இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்றாள் தங்கச்சி.

"பாட்டிலை அப்படியே வை. பாப்பாவத் தூக்கிட்டு என்கூட வா."

வழியில் தன் வீட்டில் ரிப்பேர்ப் பையை எடுத்துக்கொண்டு, மளிகைக் கடையில் ஒரு கிலோ உப்பு பாக்கெட் மூன்று வாங்கினாள். கிளினிக்கில் மதிய இடைவேளை. நர்ஸம்மா மட்டும் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தராசக்கா, உப்புக்கு ஊசி போடணுமா?"

தராசக்கா சிரிக்கவில்லை. ஒரு பாக்கெட்டைத் தராசின்மேல் வைத்தாள்.

0.004.

நர்ஸம்மா எழுந்து வந்தார். "தொட்டுக்கிட்டு இருக்கியா?"

"இல்லம்மா. பாருங்க, கை தூரத்துல இருக்கு."

ஒரு கிலோ உப்பு, எடையே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது பாக்கெட்டை வைத்தாள். 2.008. நர்ஸம்மா பெருமூச்சு விட்டார். "இப்ப சரியாத்தானே..." மூன்றாவதை வைத்தாள். 2.002.

மூன்று பாக்கெட் உப்பு கண்ணெதிரே அடுக்கியிருக்க, தராசு இரண்டு என்றது. தங்கச்சி பாப்பாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நர்ஸம்மா ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒன்பது நாள்," என்றார். "ஒன்பது நாளா இதுலதான் நிறுத்தறேன்."

தராசக்கா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். மூடியைக் கழற்றியதும் டிஸ்ப்ளே முழுதாக வெளியே தெரிந்தது. எண்ணுக்குப் பின்னால் 'கேஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜேஎஃப்' என்று இருந்தது.

கே-க்கு முந்தின எழுத்து ஜே. ஜி-க்கு முந்தின எழுத்து எஃப். ஒன்று பூஜ்யமாகிறது, மூன்று இரண்டாகிறது. எல்லாமே ஒரு படி கீழே.

எழுத்தானாலும் எண்ணானாலும் எட்டு ஒயர் வழியாகத்தான் டிஸ்ப்ளேவுக்குப் போகும். அதில் முதல் ஒயர்தான் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்வது. அந்த ஒயர் ஊமையானால் ஒற்றைப்படை எண்ணே வராது; ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எல்லாம் தனக்குக் கீழே உள்ள இரட்டைப்படையாகிவிடும். அவள் வைத்துப் பார்த்ததோ இரண்டும் நாலும்.

மீட்டரின் ஒரு முனையை அந்த ஒயரின் காலிலும் மறுமுனையை டிஸ்ப்ளேவைச் சுற்றியிருந்த தகரச் சட்டத்திலும் வைத்தாள். கீ...ச் என்று கத்தியது. இரண்டும் ஒட்டியிருந்தால்தான் அது கத்தும். சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். மடக்கிவிட்டிருந்த தகர நாக்கு ஒன்று, ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே கடித்துக்கொண்டிருந்தது. அவள் அமுக்கி, நெருக்கி, இறுக்கிய இடம்.

"நான்தான்மா," என்றாள். "டிஸ்ப்ளே மேல தப்பில்ல. நான் அழுத்தி மூடினதுல ஒயர் நசுங்கியிருக்கு. மூடின பிறகு ரெண்டு கல்ல வெச்சுப் பார்த்துட்டு, போதும்னு விட்டுட்டேன்."

நர்ஸம்மா அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ ரிஜிஸ்டரையே வெறித்துக்கொண்டிருந்தார். "நானும்தான் பார்த்தேன். கொழுகொழுன்னு இருந்த புள்ளையக் கையில வெச்சுக்கிட்டு, எடை குறைஞ்சிருக்குன்னு அவ அம்மாகிட்ட சொன்னேன். கண்ணு சொன்னதைக் கேக்கல, நம்பர் சொன்னதைக் கேட்டேன்."

புது ஒயர் போட்டு, தகர நாக்குக்கு மேல் தடிமனாக டேப் ஒட்டி, பெட்டியின் விளிம்பை அறுத்து இடம் விட்டு மூடினாள். உப்பு ஒரு பாக்கெட், இரண்டு, மூன்று. பிறகு மருந்து பாட்டில், சாவிக்கொத்து, கத்தரிக்கோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து, ஒவ்வொரு எண்ணும் வருகிறதா என்று பார்த்தாள். ஏழு வந்தபோதுதான் மூச்சு வந்தது. கடைசியில் பாப்பாவைக் கிடத்தினார்கள்.

3.850.

தங்கச்சி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தால் அழவில்லை. பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "தராசு தப்பாப் போச்சு, சரி. அதுக்கு வாயில்ல. நீ ஏன்க்கா என்னைத் திட்டின?"

தராசக்கா உப்பு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துவைத்தாள்.

டாக்டர் வந்ததும் நர்ஸம்மா மறைக்காமல் சொன்னார். டாக்டர் சத்தம் போட்டார், பிறகு ரிஜிஸ்டரைப் பிடுங்கித் தானே பெயர்களுக்குக் கீழே கோடு போட்டார். ஒன்பது நாளில் இருபத்தொரு குழந்தைகள். பன்னிரண்டு பேருக்கு வித்தியாசம் கிராம் கணக்கில்தான். பாப்பாவைத் தவிர எட்டுப் பேருக்கு முழுசாக ஒரு கிலோ காணாமல் போயிருந்தது. அந்த எட்டு வீட்டுக்கும் தராசக்காவும் நர்ஸம்மாவும் அன்றைக்கே தராசைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டில் குழந்தையின் அப்பா சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அது திட்டைவிட மோசமாக இருந்தது. ஒரு வீட்டில் மாமியார்க்காரி மருமகளைப் பார்க்கக் கூசி உள்ளே போய்விட்டாள். ஏழு வீடு முடிந்தது.

எட்டாவது குழந்தை வீட்டில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாளாகப் படுத்திருந்தது. அங்கே எடை சரியாகக் காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு கிலோ திடீரென்று ஏறியது ஏன், உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்று அதற்கும் தனியாகப் பரிசோதனை. குழந்தையின் பிஞ்சுக் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. தராசக்கா வார்டுக் கட்டிலருகே போய் நின்றாள்.

குழந்தையின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. முதலில் புரியாமல் பார்த்தாள்.

"அப்போ என் பால்..."

"போதும்மா. முதல் நாள்ல இருந்தே போதும். உன் மேல ஒரு குறையும் இல்ல."

"என் பால் பத்தாது, சேராதுன்னு சொன்னாங்கன்னு நாலு நாளா நிறுத்திட்டேனே!" என்று கத்தினாள் அவள். வார்டே திரும்பிப் பார்த்தது. "விஷம் குடுக்கற மாதிரி பயந்து பயந்து நிறுத்திட்டேனே! ராத்திரி பகலா அழுதுச்சு அது, நான் காதைப் பொத்திக்கிட்டேன்! நீ யாரு, எங்க இருந்து வந்த, உனக்கு என்ன நாங்க பண்ணினோம்?"

தராசக்கா நின்றாள். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை, கையைக்கூடக் கட்டவில்லை. திட்டு தீரும் வரை நின்றாள். நர்ஸம்மா அவள் முழங்கையைத் தொட்டு இழுத்தபோதும் நகரவில்லை.

குழந்தை சிணுங்கியது. அந்தப் பெண் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அதை மார்போடு அணைத்தாள். முதலில் குழந்தை முகத்தைத் திருப்பியது. மறுபடி வைத்தாள். மறுபடியும் திருப்பியது. மூன்றாவது முறை பற்றிக்கொண்டது.

"இன்னும் ஏன் நிக்கறீங்க," என்றாள் திரும்பாமலே, குரல் தணிந்து. "காத்து வருது. போறப்போ கதவைச் சாத்திட்டுப் போங்க."

தராசக்கா சத்தம் வராமல் சாத்தினாள்.