பின்சீட்டில் ஆள் இருந்தால் நிற்கும் கார்

நடுவழியில் நின்ற கார்களை ஏற்றிவரும் றிக்கவரி லொறி அந்த வெள்ளைக் காரை லண்டன் எட்மண்டனில் உள்ள என் கராஜில் இறக்கிவிட்டுப் போனது. திறப்பைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. எனக்கு எரிச்சல் வந்தது. பழுதான கார் பழுதாகவே வந்தால்தானே திருத்தலாம்.

கார்க்காரர் சிவநேசன் தலையைச் சொறிந்தார். "ஓடிக்கொண்டிருக்கேக்கை பொசுக்கெண்டு நிக்குது அண்ணை. பிறகு எவ்வளவு அடிச்சாலும் ஸ்டார்ட் வராது. றிக்கவரிக்காரன் வந்து திருப்பினா மட்டும் ஓடுது. அவன் என்னை ஒரு மாதிரிப் பாக்கிறான்."

பழுதைக் காட்டும் கோட் ரீடரைச் செருகினேன். ஒன்றும் காட்டவில்லை. வேறொரு கராஜில் கிராங்க் சென்சரையும் காயிலையும் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். நான் ஃபியூஸ், ரிலே, எர்த் வயர் எல்லாம் பார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடேறட்டும் என்று ஹரோ வரை ஓட்டிப்போய் வந்தேன். சனியன் நிற்கவே இல்லை. திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கிழமையே மறுபடி லொறியில் வந்தது. இனி இதன் முடிவைக் காணாமல் விடுவதில்லை என்று எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது.

இந்த முறை அவர் மனைவி ரஞ்சியும் கூட வந்திருந்தார். "சொன்னாக் குறை நினைக்காதேங்கோ அண்ணை. இவரின்ரை அக்கா ஏறினாத்தான் நிக்குது. அவ வராத நாளிலை ஒரு பிரச்சினையும் இல்லை."

சிவநேசன் நிலத்தைப் பார்த்தார்.

அக்கா என்றது மலரை. கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு இருந்தவர். வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியபிள்ளையான இவர்களுடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, ஸ்ட்ரெதமில் மண்டபம். மாமி முறைக்கு முன்னுக்கு நிற்க வேண்டிய மனுஷி. "நான் ஏறினா காரே நிக்குது, சடங்குக்கு வந்து என்னத்துக்கு" என்று அவரே விலகிக்கொண்டாராம். அவர் ராசி சரியில்லை என்று சொந்தக்காரரும் கதைத்தார்களாம்; இவர்களும் வற்புறுத்தவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விசர்க் கதை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ரஞ்சி சொன்ன காரணம் பிழை. அவர் கண்டது சரியாக இருந்தால்?

"அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

மலர் அக்கா வந்தார், ஆனால் காரில் ஏற மாட்டேன் என்றார். "வேண்டாம் தம்பி. நான் ஏறினா நிண்டிடும்."

"நிக்க வேணும் அக்கா. அதுக்குத்தானே கூப்பிட்டனான். வழக்கமா இருக்கிற இடத்திலை இருங்கோ."

அவர் டிரைவருக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் சிவநேசன், முன்னால் ரஞ்சி. நான் பின்தெருக்களில் வேகத்தடைகளாகப் பார்த்து ஏற்றி இறக்கினேன். ஒன்றைத் தாண்டியதும் எஞ்சின் செத்தது. மலர் அக்கா கண் கலங்கி, கதவைத் திறக்கக் கை வைத்தார்.

"இறங்காதேங்கோ. ஒருத்தரும் அசையக்கூடாது."

திறப்பைப் போட்டால் பின்சீட்டுக்குக் கீழே எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்பும் பம்ப் ஒருமுறை உறும வேண்டும். சத்தமே இல்லை.

"அக்கா, இருந்த இடத்திலையே கொஞ்சம் எழும்புங்கோ."

முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மீண்டும் திறப்பைப் போட்டேன். பம்ப் உறுமியது. இருக்கச் சொன்னேன், ஊமை. எழும்பச் சொன்னேன், உறுமல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்காவை முன்சீட்டுக்கு மாற்றி ஓட்டி, கராஜுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் பின்சீட்டைக் கழற்றினேன். முன்பு எவரோ பம்ப்பைக் கழற்றிப் பூட்டியபோது அதன் வயரைச் சீட்டின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே போகவிட்டிருந்தார்கள். வெளித்தோல் முழுசாக இருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. அந்தப் பக்கம் பாரம் இருந்து கார் குலுங்கினால் வயர் விலகும். நின்றதும் எல்லோரும் இறங்கி றோட்டோரம் நிற்பார்கள். சீட் எழும்பும், வயர் தொடும், வந்தவன் திருப்ப ஓடும். தனியே ஓட்டிய எனக்கு எப்படி நிற்கும்?

அறுந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டேன். இப்போதெல்லாம் நின்று நின்று ஓடும் கார் வந்தால், நின்றபோது யார் எங்கே இருந்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். வாடிக்கையாளர் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிடலாம். அவர் கண்டதைத் தள்ளக்கூடாது.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை எங்களோடை வாங்கோ" என்றார் ரஞ்சி மெதுவாக.

 மலர் அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்த வயர்த் துண்டைத் தாங்கோ தம்பி."

"என்னத்துக்கு அக்கா?"

"மண்டபத்திலை என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுற ஆக்களுக்குக் காட்ட."

துடைத்துக் கொடுத்தேன்.