கஷாயத்தோடு விழுங்கிய மாத்திரைகள்

உங்களுக்குக் காசநோய் என்று தெரிந்தால், முதலில் யாரிடம் மறைப்பீர்கள்? மறைக்கவே மாட்டேன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். ஒரு சலூன்காரரின் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு நாற்காலி போட்ட கடை அவருடையது. கத்தரியைவிட நாக்கு வேகம் என்பதால் ‘ரேடியோ’ என்று பெயர். சளிப் பரிசோதனை முடிவு வந்த அன்று அந்த ரேடியோ வாயடைத்துப் போனது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூச்சு விடுகிறவருக்குக் காசநோய் என்றால் யார் கழுத்தை நீட்டுவார்கள்? நெஞ்சுச் சளி என்று சொல்லி ஒரு மாதம் கடையைப் பூட்டினார். மருத்துவமனை மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் ஒளித்தார். மூலிகைக் கடை வைத்திருந்த மச்சான் கொடுத்த கஷாயத்தை எல்லார் கண்முன்னும் குடித்தார். மாத்திரையை விழுங்கியதும் அந்தக் கஷாயத்தோடுதான்.

ஆறு மாதத்தில் குணமானார். “பாத்தீங்களா, நம்ம சரக்கு!” என்று மச்சான் அவர் படத்தைப் பாட்டிலில் ஒட்டினான். ரேடியோ மறுக்கவில்லை. போகப் போக, கேட்கிறவர்களிடம் அவரே அப்படிச் சொல்லத் தொடங்கினார்.

அந்தக் கஷாயம் இருமலைத் தணித்திருக்கலாம். மூலிகை என்பதற்காக நான் அதைப் பழிக்கவில்லை. முறையாகச் சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் பாதி உண்மையை டப்பாவுக்குள் வைத்திருந்த ஒரு மனிதரைக் காட்டி எதை நிரூபிப்பது?

ஒரு ஞாயிறு காலை, பெஞ்சு நிறைய ஆள். பதினைந்து வருட வாடிக்கையாளரான தையல்காரர் பல மாதம் கழித்து உள்ளே வந்தார். தனக்குத் தானே தைத்த சட்டை தோளில் தொங்கியது.

“என்னண்ணே, வேற யாருக்கோ அளவெடுத்துட்டீங்களா?” என்றார் ரேடியோ.

“உனக்கு வந்த மாதிரிதான்ப்பா எனக்கும், நெஞ்சுச் சளி, இருமல். ஆறு மாசம் மாத்திரைன்னாங்க. ரெண்டே மாசத்துல இருமல் நின்னுச்சு. உன் படம் போட்ட பாட்டிலைப் பார்த்தேன், மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்போ இருமினா ரத்தம் வருது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ தினம் எத்தனை வேளை குடிச்சே?”

நாற்காலியில் இருந்தவரின் கன்னத்துக்கு மேலே கத்தி அந்தரத்தில் நின்றது.

“என்ன, ரேடியோவுல கரண்ட் போச்சா?” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“கஷாயம் இல்லண்ணே.” ரேடியோ தரையைப் பார்த்துச் சொன்னார். “எனக்கு வந்தது டிபி. ஆறு மாசமும் மாத்திரை சாப்பிட்டேன். சொல்ல வெக்கப்பட்டு மறைச்சுட்டேன்.”

“எங்கிட்டக்கூடவா?”

“உங்ககிட்டதாண்ணே முதல்ல மறைச்சேன். வாரத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஆளாச்சே.”

பாதி முகம் நுரையோடு இருந்தவர் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்தார். பெஞ்சும் காலியானது. “குணமாகி ஒரு வருஷம் ஆச்சுங்க” என்று ரேடியோ அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, தையல்காரரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்.

பாதியில் விட்டதால் பழைய மாத்திரை இனி வேலை செய்யுமா என்று அங்கே பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். தையல்காரரின் மனைவி வரும் நேரத்தில் ரேடியோ வராண்டாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொள்கிறார். மச்சான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். கடையில் ஈ ஓட்டுகிறார்.

பொய் சொன்னது அவர் குற்றம்தான். அந்தப் பொய்யை அவர் வாயில் திணித்தவர்கள் பெஞ்சில் இருந்தார்கள். நாமும் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறோம். சிகிச்சையை முழுதாக முடித்துக் குணமானவரிடமிருந்து காசநோய் ஒட்டாது. உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் நாளைக்கே அவர் கடைக்குப் போய் உட்காருங்கள். என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை எழுந்துவிடாதீர்கள்.