டெய்சி அக்கா முன்னால் நீந்திய தடம்

வாசுதேவநல்லூர் வரை சைக்கிளில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. டெய்சி அக்காவின் கணவர் செல்வின் அண்ணாச்சி. "தம்பி, அக்கா போயிட்டா. தூக்கத்துலயே போயிட்டா" என்றார். ஒரு கண்மாய்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தின நாள் காலையில்கூட அக்கா எனக்கு முன்னால் நீந்திக்கொண்டிருந்தார்.

தபால் நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு அவர் முத்திரை குத்தும் டெய்சி மேடம். ராஜபாளையம் சாலைப் பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் காலையில் இறங்கும் நமக்கு அவர்தான் எல்லாம். ஐம்பது வயதுக்குப் பிறகும் போட்டிகளில் நீந்திப் பதக்கம் வாங்கிவந்தவர். அவற்றில் ஒன்றில் பீரோ சாவியைக் கோத்து வைத்திருந்தார்.

நான் ட்ரையத்லான்காரன். நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க ஆசைப்படுகிற கூட்டம். சைக்கிளும் ஓட்டமும் எனக்குப் பிரச்சினை இல்லை, தண்ணீர்தான் எமன். போன வருஷம் தூத்துக்குடிக் கடலில் பாதி தூரத்திலேயே என்னைப் படகில் தூக்கிப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் சைக்கிளை விற்றுவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அந்த வெட்கத்தோடுதான் குளத்தில் கயிறு கட்டிப் பிரித்த நீச்சல் போட்டிக்காரர்களின் தடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் மூச்சுக்கு மூச்சு தலையைத் தூக்கி முன்னால் பார்ப்பேன். தலை எழும்ப எழும்ப, சைக்கிள் மிதித்து முறுக்கேறிய கால்கள் கல்லாகக் கீழே போகும். "தம்பி, தண்ணிகிட்ட எதுக்குச் சண்ட போடுத? தலையக் கவுத்தி அதுகிட்டக் குடுத்துரு. அது தூக்கிக்கிடும்" என்றார். பிறகு விரல்களை முஷ்டியாகப் பொத்திக்கொண்டு நீந்தச் சொன்னார். முழங்கைக்குக் கீழே மொத்தக் கையாலும் தண்ணீரைப் பிடிக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

தலை கவிழ்ந்த பிறகு அது வேறு உலகம். குளத்தின் அடித்தரையில் வெயில் வலைவலையாக அசையும். சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கும். அந்த நீலத்துக்குள் எனக்கு முன்னால் அக்காவின் வெளுத்த பாதங்கள், தூங்குகிறவரின் பாதங்கள் போல, லேசாக அசைந்துகொண்டே போகும். நானும் பாதித் தூக்கத்தில் இருப்பவனாக அவற்றின் பின்னாலேயே போவேன். அவ்வளவு நிம்மதியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

அதில்தான் ஒரு தகராறு. கடல் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் காலை ஒட்டியே நீந்தினால் உழைப்பு மிச்சம். விரல் பட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. குளத்துக்காரர்களுக்கோ, பாதத்தைத் தொட்டால் முந்திப் போக வழி கேட்பதாக அர்த்தம். என் விரல் படும்போதெல்லாம் அக்கா சுவரோரம் ஒதுங்கி நிற்பார். நானும் நின்று, நீங்களே போங்கக்கா என்பேன். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "என் காலப் பாத்துக்கிட்டே எத்தன நாளு வருவ? கடல்ல என் காலு இருக்காதுல்லா. முன்னால போ" என்றார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

கரிவலம்வந்தநல்லூரில் அவர் வீட்டு முன்னறையில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பாதங்களுக்கு வெள்ளைக் காலுறை. ஜெபம் முடிந்ததும் குனிந்து தொட்டேன். அக்கா ஒதுங்கவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் குளத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும்; நம் தடத்தில் யாரும் முதலில் இறங்கவில்லை. கடைசியில் நான் இறங்கினேன். தலையைத் தூக்கித் தேட வேண்டும்போல் இருந்தது. தூக்கவில்லை. முன்னால் வெறும் நீலம். சில சுற்றுகளுக்குப் பிறகு என் பாதத்தில் ஒரு விரல் பட்டது. சுவரோரம் ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்த, என்னைப் போலவே ட்ரையத்லான்காரரான நம் மாரியப்பனும் நின்றுவிட்டார். முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு, "நீங்களே முன்னால போங்க, அண்ணாச்சி" என்றார்.

அடுத்த மாதம் மறுபடியும் தூத்துக்குடிக் கடல். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது கவிழ்ந்த தலையும், அன்று மழுப்பிவிட்ட அந்த 'முன்னால போ'வும்தான். குளத்தில் மாரியப்பன் அப்படிச் சொன்னதும், தலையைத் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போனேன்.